அண்டி ஆபீஸ் கூரை

கூரைக்குப் பாசி வைப்பது எப்படி என்று, மாதிரி செய்யப் பழகும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு படம். யாரோ வெளிநாட்டுக்காரன் செய்த குட்டி வீடு. கூரை முழுக்கப் பாசி, ஓரத்தில் காய்ந்த சருகு. "எங்களுக்கு இப்படி வரமாட்டேங்கு அண்ணாச்சி, நீங்க என்னத்தப் போடுவீங்க?" என்று கேள்வி.

தேயிலைத் தூள் போடுவேன். டீ வடிகட்டிய தூளை வெயிலில் காயவைத்து, சலித்து, பச்சைச் சாயத்தில் புரட்டி, பசை தடவிய இடத்தில் தூவ வேண்டும். முடிந்தது. இதற்கா முப்பத்தைந்து வருடம் நாகர்கோவிலில் உட்கார்ந்து கட்டிட மாதிரிகள் செய்தீர் என்று கேட்காதீர்கள். எதை எங்கே தூவுவது, எங்கே துடைப்பது என்பதில்தான் நான் ஒரு பெரிய பாவத்தைச் செய்தேன். அதைச் சொல்லாமல் தேயிலைத் தூளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு மனசு ஆறாது.

கூரையைப் பற்றி முதலில் ஒன்று சொல்கிறேன். வீட்டில் குடியிருப்பவன் தன் கூரையைப் பார்ப்பதே இல்லை. மழை ஒழுகினால்தான் அண்ணாந்து பார்ப்பான், அதுவும் உள்பக்கத்தை. ஆனால் நாம் செய்யும் மாதிரியைப் பார்க்கிறவன் மேசைக்கு மேலே நின்றுகொண்டு முதலில் கூரையைத்தான் பார்க்கிறான். சுவரில் எத்தனை ஜன்னல் என்பதெல்லாம் பிறகு. அதனால் கூரை பொம்மைபோல இருந்தால் மொத்தமும் பொம்மைதான்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிறிஸ்தவ சபைக்கு அவர்கள் கட்டப்போகும் கோயிலின் மாதிரியைச் செய்தேன். இரண்டாயிரம் ஓடுகள், அத்தனையும் ஒரே சிவப்பு. கமிட்டிக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாடக் குடுக்கலாம்" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. திருப்பி எடுத்து வந்து, பத்துக்கு ஒரு ஓட்டைக் கறுக்க வைத்து, அங்கங்கே ஒன்றைச் சற்றுத் தூக்கி ஒட்டினேன். அடுத்த வாரம் அதே மனிதர் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து ஊரில் எனக்குக் கூரைக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல.

தொழிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. உங்களுக்கும் வந்திருக்கும். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கும்போது கதவின் கைப்பிடி ஒரு கடுகளவுகூட இருக்காது. ஆனால் நாம் அதை இரண்டு பங்கு பெரிதாக வைப்போம். நிழல் விழும் இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பாக்குவோம். பார்க்கிறவர் கண்ணுக்கு எட்ட வேண்டும் அல்லவா. இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை, அந்த அண்டி ஆபீஸ் வேலை வரும்வரை.

முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் ஆலையைத்தான் நம் பக்கம் அண்டி ஆபீஸ் என்கிறோம். மேற்கே அப்படி ஒரு ஆலையின் மானேஜர், ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். கோர்ட்டில் காட்ட ஒரு மாதிரி வேண்டும் என்றார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனி மாத மழையில் அந்த ஆலையின் வறுக்கும் கொட்டகை ஒழுகியிருக்கிறது. கூரை வேலை செய்யும் ராஜமணி என்பவரைக் கூப்பிட்டு மேலே ஏற்றியிருக்கிறார்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே வெளிச்சம் வருவதற்காக இடையிடையே பிளாஸ்டிக் ஷீட் போடுவார்கள், லைட் ஷீட் என்போம். ஆஸ்பெஸ்டாஸின் ஆணி வரிசையில் பார்த்து மிதித்தால் ஆளைத் தாங்கும். லைட் ஷீட் தாங்காது, வெயிலில் கிடந்து முறுகிப்போயிருக்கும். ராஜமணி அதில் ஒன்றை மிதித்துவிட்டார். இருபதடிக்குக் கீழே சிமெண்டுத் தரை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மிதிக்கப் பலகை கொடுக்கவில்லை, லைட் ஷீட் இருக்கும் இடத்தைக் காட்டவில்லை என்று மானேஜர்மேல் கேஸ்.

"சொல்லித்தான் ஏத்தினேன் அண்ணாச்சி" என்றார் மானேஜர். "பாத்து மிதியும்னு சொன்னேன். லைட் ஷீட் பளிச்சுன்னு தெரியத்தானே செய்யும். ஏறும்போதே ஆளு ஒரு மாதிரிதான் இருந்தாரு." கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பிரேதப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்தது.

போலீஸ் படமெடுத்துப் போனதும், இரண்டே வாரத்தில் பழைய கூரையை முழுக்க எடுத்துத் தகரம் போட்டுவிட்டார்கள். ஆக, நேரில் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. என்னிடம் கொடுத்தது ஒரு வரைபடமும் ஏழு போட்டோவும். ஆறு கீழேயிருந்து எடுத்தவை. ஒன்றுதான் பக்கத்து மாடியிலிருந்து கூரையின் மேல்புறத்தைக் காட்டியது. அது விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் வேறு எதற்கோ எடுத்த படம்.

அந்தப் படத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை சாதாரணப் புகை அல்ல, எண்ணெய்ப்புகை. வருடக்கணக்கில் அது கூரைமேல் படிந்து, அதன்மேல் இரண்டு பருவத்து மழையும் பெய்து, பாசியும் சேர்ந்து, மொத்தக் கூரையும் அடுப்படிச் சுவர்போலக் கிடந்தது. எது ஆஸ்பெஸ்டாஸ், எது லைட் ஷீட் என்று எனக்கே தெரியவில்லை. மானேஜருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மறுநாள் வந்து, வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் நான்கு கட்டங்களைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையையே தொழிலாக வைத்திருந்த எனக்கு, பூதக்கண்ணாடியும் சாவகாசமும் இருந்தும், அந்தச் சிவப்புக் கட்டம் இல்லாமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நூறடிக் கொட்டகை, மாதிரியில் இரண்டடி. மூன்று வாரம் வேலை செய்தேன். படத்தில் இருந்தபடியே கரிப்பொடியும் தேயிலைத் தூளும் போட்டு முடித்தபோது, என் வாழ்நாளில் செய்த கூரைகளிலேயே நல்ல கூரை அதுதான் என்று தோன்றியது. வக்கீல் வந்து பார்த்தார். மேசையை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"லைட் ஷீட் எங்க அண்ணாச்சி?"

காட்டினேன்.

"இது நீங்க சொன்னாத்தானே தெரியுது. ஜட்ஜய்யா என்ன, தடவியா பாப்பாரு? கேஸே அந்த நாலு ஷீட்டப் பத்தித்தான். தெரியும்படியா வச்சுத் தாங்க."

அவர் கூடுதலாகக் காசு ஒன்றும் நீட்டவில்லை. மிரட்டவும் இல்லை. மிரட்டியிருந்தால் எனக்கு ரோஷம் வந்திருக்கும். சரியான பேச்சாகத்தான் எனக்கும் பட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு எட்ட வேண்டும், இது நம் தொழில்தானே. சாயத்தைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து, நான்கு ஷீட்டையும் ஒரு இழு இழுத்தேன். கரியெல்லாம் போய் நான்கும் பளிச்சென்று வந்தன. கறுத்த கூரையில் நான்கு ஜன்னல் திறந்தமாதிரி இருந்தது. உள்ளே தரைக்கு வெளிர்நிறம் அடித்திருந்ததால் அவை இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. வக்கீல் போனபிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

கோர்ட்டில் மாதிரியை மேசைமேல் வைத்தார்கள். நீதிபதி எழுந்து வந்து, மேலிருந்து குனிந்து பார்த்தார். எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறோம், கவனியுங்கள். ராஜமணி அந்தக் கூரைமேல் நின்று பார்த்தார். மழை ஈரத்தில், குனிந்து, கண்ணுக்கும் காலுக்கும் ஐந்தடி இடைவெளியில். அந்த வித்தியாசம் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அளவு சரியா?" என்று வக்கீல் கேட்டார்.

"சரி. ஐம்பதில் ஒரு பங்கு."

"கூரை, சம்பவம் நடந்த நாளில் இருந்தபடி இருக்கிறதா?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம்தான். அந்த நேரத்துக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இது கதவுக் கைப்பிடி அல்ல. இந்தக் கேஸில் கேள்வியே அது தெரிந்ததா தெரியவில்லையா என்பதுதான். அதற்கான பதிலை நான் தின்னரில் நனைத்த துணியால் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். என் பையில் அந்த வரைபடம் இருந்தது, சிவப்புக் கட்டங்களோடு. எடுத்து நீட்டினால் போதும். ஆனால் கோர்ட்டு, கறுப்புக் கோட்டு, அத்தனை பேர் பார்க்கும்போது நானே என் வேலையைத் தப்பு என்று சொல்வது. கூரைக்காரர் என்ற பெயர் என்னாவது.

"போட்டோவைப் பார்த்துச் செய்தது. இருந்தபடிதான்" என்றேன்.

அரசுத் தரப்பு வக்கீல் ஒரே கேள்வி கேட்டார். "நீங்க அந்தக் கூரைமேல ஏறிப் பாத்திருக்கீங்களா?" இல்லை என்றேன். உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ கேஸ்.

இடைவேளையில் மாதிரியைத் தூக்கிவந்து வராந்தா பெஞ்சில் வைத்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். ராஜமணியின் மனைவி தங்கபாய். காலையில் சாட்சிக் கூண்டில் பார்த்திருந்தேன். தன் கணவர் வாழ்நாளில் குடித்ததில்லை என்று அங்கே அழுத்தமாகச் சொன்னவர்.

"இதா அந்தக் கொட்டகை?"

"ஆமாம்மா."

"இந்த வெள்ளையா தெரியுகதுதான் அந்த ஷீட்டா?"

"அதுதான்."

அவர் கூரைக்கு மேலே குனிந்து கொஞ்சநேரம் பார்த்தார். நான் ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இவ்வளவு தெளிவாட்டா தெரியுது" என்றார். அதற்குப் பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவரை உள்ளே கூப்பிட்டபோதுகூட உடனே எழுந்திருக்கவில்லை.

மானேஜர் விடுதலையானார். வக்கீல் எனக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, உங்க கூரைதான் ஜெயிச்சுது" என்றார். தீர்ப்பில் மாதிரியைப் பற்றி நான்கு வரி இருக்கிறதாம். குடித்திருந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. இவ்வளவு தெளிவாகத் தெரிவதை மிதித்தவர் எந்த நிலையில் இருந்திருப்பார் என்று ஊரே முடிவுகட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் எதுவும் செய்யவில்லை. இதைப் பூசி மெழுக விருப்பமில்லை. சவத்த விடு, போனது போகட்டும், செத்தவர் திரும்பியா வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எந்தக் கூரைக்கு நிறம் அடிக்க உட்கார்ந்தாலும் அந்த அம்மாள் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. அவர் அதிர்ச்சியடைந்தது எனக்குப் புரிந்தது. எதனால் என்பதுதான் புரியவில்லை. கணவர் குடித்ததில்லை என்று அவருக்குத் தெரியுமே. என் மாதிரியைப் பார்த்து மற்றவர்கள் நம்பலாம், அவர் ஏன் நம்ப வேண்டும்?

கடைசியில் அந்தக் கூரையை மறுபடி செய்தேன். அதே அளவு, அதே ஏழு போட்டோ. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கெட்டி அட்டை. லைட் ஷீட்டுக்கு இந்தத் தடவை டிரேசிங் பேப்பர், அதில்தான் கரி நன்றாகப் பிடிக்கும். எதையும் துடைக்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினேன். நெய்யூர் தாண்டி இறங்கி, ராஜமணி வீடு எது என்று கேட்டபோது, ஒரு கடைக்காரர், "எந்த ராஜமணி, அந்தக் கூரையிலேர்ந்து விழுந்தவரா?" என்று கேட்டுவிட்டு, என்னமோபோலச் சிரித்துக்கொண்டு வழி சொன்னார்.

தங்கபாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நானே வாசல்படியில் பெட்டியை வைத்துப் பிரித்தேன்.

"அம்மா, கோர்ட்டுல நீங்க பாத்தது சரியில்ல. நான் துடச்சு வச்சது அது. உள்ளபடி இருந்த கூரை இதுதான். இதுல அந்த நாலு ஷீட்டும் எங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கூரையின் ஒரு கோடியிலிருந்து சுட்டுவிரலால் ஒவ்வொரு ஷீட்டாக அழுத்திக்கொண்டே வந்தார்.  மூன்றாவது வரிசையில் விரல் பொத்தென்று உள்ளே போய்விட்டது.

விரலை வெளியே எடுக்காமலே கேட்டார். "இதுலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இப்படிப் பொருத்தம் பார்த்துத்தானே இவ்வளவும் வந்தது.

"இது இல்லம்மா. இது லைட் ஷீட்டுதான். அவரு மிதிச்சது பக்கத்து வரிசை."

அப்போதுதான் அவர் அழுதார். அழுகைக்கு இடையில் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் இருவருக்கும் சண்டை. மழையில் கூரை வேலைக்குப் போகவேண்டாம் என்று இவர் சொல்ல, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்ல, பேச்சு முற்றியிருக்கிறது. "எனக்க வாயால சொன்னேன், எங்கயாவது போய்ச் சாவும்னு. சோறும் எடுக்காம போனாரு. இரண்டு வருசமாட்டு, அது தெரியாம நடந்தது, தெரியாம நடந்ததுன்னு சொல்லித்தான் நான் கிடந்தேன். அண்ணைக்கு உங்க கூரையப் பாத்தப்போ, இவ்வளவு தெளிவாட்டு தெரியுகத ஒரு மனுசன் தெரியாம மிதிப்பானான்னு ஆயிப்போச்சு. எனக்க பேச்சுக்காகத்தான் மிதிச்சாருன்னு நினைச்சுப்போட்டேன்."

நான் அந்த வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஊர், குடித்தார் என்று நம்பியது. இந்தப் பெண் அதைவிட மோசமான ஒன்றை நம்பியிருக்கிறார், ஆறு மாதமாக, தினமும். அந்த ஆறு மாதமும் நான் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கிழிந்த இடத்தை ஒட்டித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டது நான் எதிர்பாராதது.

"இத எனக்கு மட்டும் காட்டுகதுக்கா கொண்டுவந்தீரு? அத அத்தன பேருக்கும் காட்டினீருல்லா. இதயும் காட்டணும்."

முதலில் கோர்ட்டுக்குத்தான் போனேன். அரசுத் தரப்பு வக்கீல் வரைபடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்பீலுக்கான நாள் எப்போதோ முடிந்துவிட்டது, மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன், பெரிதாக ஒன்றும் நடக்காது என்றார். மானேஜரின் வக்கீலுக்கு எப்படியோ தெரிந்து அன்றைக்கே போன் செய்தார். "பொய் சாட்சின்னு உம்ம மேலதான் கேஸ் திரும்பும், பாத்துக்கிடும்." திரும்பட்டும் என்றேன்.  அந்தக் கேஸ் வரவில்லை. ஆனால் கம்பெனி வேலைகள் என் பட்டறைக்கு வருவது அதோடு நின்றது.

தங்கபாய் சொன்ன "அத்தன பேரு" கோர்ட்டு அல்ல, அவருடைய சபை. மானேஜரும் அதே சபைக்காரர். போதகரிடம் நாங்கள் இருவரும் போனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் தயங்கினார்.

"கோர்ட்டு விசயம் கோயிலுக்குள்ள வேண்டாமே."

"குடிச்சுப்போட்டு விழுந்தாருன்னு பேசினது கோயிலுக்குள்ளதானே பாஸ்டர்" என்றார் தங்கபாய்.

போதகர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்னபிறகு, விருப்பமுள்ளவர்கள் இருக்கட்டும் என்றார்.

நான் பூதப்பாண்டிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எத்தனையோ கோயில்களுக்கு மாதிரி செய்திருந்தாலும் ஆராதனை நேரத்தில் உள்ளே உட்கார்ந்ததில்லை. அன்று கடைசி வரிசையில், மடியில் அட்டைப்பெட்டியோடு, நெற்றியில் வழக்கமான திருநீறோடு உட்கார்ந்திருந்தேன். பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. ஆசீர்வாதம் முடிந்தும் யாரும் எழுந்துபோகவில்லை. மானேஜரும் போகவில்லை. போனால் ஊர் கவனிக்கும்.

முன்னால் போய் நின்றேன். பேசத் தெரியாது எனக்கு. "கோர்ட்டுல நான் காட்டின கூரை பொய். லைட் ஷீட்ட நான் துடச்சு வச்சேன். இதுதான் உள்ளது. இந்த ஓட்டை ஒரு ஷீட்டு. இன்னும் மூணு இருக்கு. கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் கொடுத்தேன். கைமாறிக் கைமாறிப் போனது. வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார்கள். கூரை வேலைக்குப் போகிற இரண்டு பேர் தலையோடு தலை வைத்துப் பார்த்தார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், "இதுதான்" என்று பெருவிரலால் அழுத்தினார். அது கெட்டி அட்டை. அவர் விரலை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

மானேஜரின் கைக்கு வந்தது. இரண்டு ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டார். சரிக்கவில்லை, தேடவில்லை, கூரையைப் பார்க்கவே இல்லை. அப்படியே பக்கத்தில் நீட்டினார். அந்தக் கோயிலுக்குள் தேடவேண்டிய அவசியம் இல்லாதவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கமும் சுற்றி வந்தது. மூன்றில் ஒன்றைக்கூட ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் அது தங்கபாயின் கைக்குப் போனது. அவர் அதை என்னிடம் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

கேஸில் ஒன்றும் மாறவில்லை. மானேஜர் இன்னும் மானேஜர்தான். அங்கே இப்போது யாரையாவது கூரையில் ஏற்றும்போது பலகை கொடுக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக முடிந்த கதை என்று உங்களிடம் சொல்லவரவில்லை. உங்களிடம் இப்போது லேசர் இருக்கிறது, ஒவ்வொரு ஓடாக அச்சடிக்கும் மெஷின் இருக்கிறது. நான் மூன்று வாரத்தில் செய்ததை நீங்கள் மூன்று நாளில் செய்வீர்கள். அதனால் பாசி வைக்கும்போது ஒன்றைச் செய்யுங்கள். ஏதாவது ஒன்றைத் தெரியும்படி வைத்துத் தாருங்கள் என்று யாராவது கேட்டால், எதற்காக, யார் பார்ப்பதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் துணியைக் கீழே வையுங்கள். வேலை போகும். போகட்டும்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை தங்கபாய் என்னோடு நடந்து வந்தார். கூரை அவர் கையில் இருந்தது. பஸ் தூரத்தில் வரும்போது, இவ்வளவு நேரமும் கேட்க நினைத்ததை நான் கேட்டேன். "என்ன மன்னிச்சிருவியளா?"

அவர் அவசரப்படாமல் யோசித்தார்.

"மன்னிக்கணும்னுதான் வேதத்துல இருக்கு" என்றார். "எனக்கு இன்னும் வரல்ல. வரும்போ சொல்லுகேன்."

பஸ் ஏறினேன். இது நடந்து நான்கு வருடமாகிறது. என் போன் நம்பர் அவரிடம் இருக்கிறது.